பி பக்கம் மட்டும் கீச்சுக் குரலா? வேகத்தை மாற்றிப் பாருங்க

உங்க 7 அங்குல வினைல் இசைத்தட்டின் ஏ பக்கத்தில் குழுவின் சொந்தப் பாட்டு சரியாக இருந்து, பி பக்கத்துக் கவர் (வேறொருவர் பாட்டை இவர்கள் பாடியது) மட்டும் கீச்சென்று ஓடுகிறது என்றால் தட்டில் பழுதில்லை நண்பரே. அந்தப் பக்கத்தின் பள்ளத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெட்டியிருப்பார்கள். 7 அங்குலத் தட்டில் 45 சுற்று வேகத்தில் நாலரை நிமிடத்தைத் தாண்டினால் ஒலியளவைக் குறைக்க வேண்டிவரும். நீளமான பாட்டுக்கு இப்படிச் செய்வதுண்டு. அதை 45-இல் ஓட்டினால் சுருதி சுமார் 5 செமிடோன் (அரைச்சுரம்) ஏறிவிடும். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் பொடி எழுத்தில் வேகம் இருக்கிறதா பாருங்க (சில சின்ன இசை நிறுவனங்கள் அதைக்கூடப் போடுவதில்லை).

மாற்றிய பிறகு கடைசி நிமிடத்தில் 'ஸ', 'ஷ' கரகரத்தால், உள்பக்கம் போகப்போக ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைவதுதான் காரணம். 33-இல் இது கூடுதலாகவே தெரியும். ஊசியைச் சுத்தம் செய்து, புரோட்ராக்டர் (கோணம் பார்க்கும் அளவுத் தகடு) வைத்து கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) அலைன்மென்ட்டைச் சரிபாருங்க.