சாரல் காலத்தில் ஸ்டெயின்லெஸ் கைத்துப்பாக்கி: எதைப் போட்டுத் துடைப்பது?

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்கிறவன் ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் கேள்விக்கும் முன்னால் ஒன்று: குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைகளைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டாக்களை வீட்டின் வேறு அறையில் வைத்த பிறகே துணியைத் தொடுங்கள்.

அண்ணாச்சி, ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுன்னுதான் வாங்கினேன். சாரல் விழுந்ததும் கைப்பிடி ஓரமா செம்புள்ளி வருதே? (புளியரை)

துரு பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும். இந்த எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு. அது காற்றோடு சேர்ந்து மெல்லிய படலமாக மேலே மூடிக்கொள்ளும். அந்தப் படலத்தைத் துளைப்பது உப்பு. துப்பாக்கியில் அதிகம் வரும் 416 ரகம், சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் 304 ரகத்தைப்போல உப்பைத் தாங்காது. உங்கள் புள்ளி வியர்வையால் வந்தது. கைப்பிடியைக் கழற்றி, எண்ணெய் தொட்ட நைலான் பிரஷால் தேயுங்கள், போய்விடும். தோல் உறைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். தோல் ஈரத்தை விடாது.

பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் போடலாமா?

கூடவே கூடாது. நாரிலிருந்து உதிரும் இரும்புத்தூள் எஃகில் பதிந்து, அதுவே துருப் பிடிக்கும். பிறகு துப்பாக்கியைக் குறை சொல்வீர்கள். புளியும் உப்பும் பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும். பிளீச்சிங் கரைசலும் வேண்டாம், குளோரின் எஃகை அரிக்கும்.

தேங்காய் எண்ணெய் வீட்டுலயே ஆட்டினது இருக்கு. (ஆரியங்காவு)

தலைக்கு வையுங்கள் தம்பி. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியலில் உங்கள் ஊரில் பாட்டிலே சொல்லும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் இவை இரண்டையும்விட எவ்வளவோ மேல். துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் அதுவே போதும். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒன்றையொன்று பற்றிக் கீறிக்கொள்ளும் குணம் உண்டு. அதனால் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) ஓடும் தடத்தை ஒருபோதும் காய விடாதீர்கள்.

டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கலாமா?

1953-இல் தண்ணீரை விரட்டத்தான் அதை உண்டாக்கினார்கள். மழையில் நனைந்தால் அடியுங்கள், துடைத்துவிட்டு எண்ணெய் போடுங்கள். அதுவே காவல் என்று பெட்டியில் வைக்காதீர்கள். ரிவால்வரில் தோட்டாக்கள் அமரும் உருளையான சிலிண்டரின் அறைகளில் எந்தத் திரவமும் தேங்கக் கூடாது. தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் இறங்கினால், வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகலாம்.

செம்புக் கறைக்கு அமோனியா கலந்த சால்வன்ட் நல்லதா? (தென்காசி)

குண்டின் செம்பு உறை குழலுக்குள் விடும் கறைதானே, அங்கே போடலாம். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், சுத்தமாகத் துடைத்து எடுங்கள். நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கிக்கு வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸும் முலாமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பில்லைப் பாருங்கள். வெண்கல பிரஷையும் அந்த சால்வன்ட் தின்னும். ஈயக் குண்டு சுடுபவர்கள் சமையலறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சிலிண்டர் முன்பக்கக் கறுப்பு வளையம் போகவே மாட்டேங்குது.

போகாவிட்டால் போகட்டும். சுடுவதற்கு அது தடையில்லை.

தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சா மாசக்கணக்கா கெடக்குமே?

ஒப்படைக்கும் முன்தினமே குழலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெய்ப் படலம் விடுங்கள். தோல் உறையை வீட்டில் வைத்துவிட்டு, துணிப்பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கொடுங்கள். திரும்ப வாங்கிய அன்றே குழலில் உலர்ந்த துணி ஓட்டி, எண்ணெயை எடுத்துவிடுங்கள்.