மாறிக்குப் பின்னால் ஒரு வாயிற்காவலர்

கேள்வி: பெர்ல் மொழியில், ஒரு மாறியில் மதிப்பை இடும்போதும் அதைப் படிக்கும்போதும் நாம் எழுதிய நிரல் தானாகவே இயங்கும்படி செய்ய முடியுமா?

பதில்: முடியும். 1994-இல் வெளிவந்த பெர்ல் 5-இலேயே இதற்கென ‘டை’ என்ற செயற்கூறு வந்துவிட்டது. அது மாறியை நீங்கள் எழுதிய கிளாஸ் (செயற்கூறுகளைத் தொகுத்து வைக்கும் வார்ப்பு) ஒன்றுடன் பிணைத்துவிடும். ஒற்றை மதிப்பை வைத்திருக்கும் மாறியென்றால், பிணைக்கும் நேரத்தில் அழைக்கப்படும் ‘டைஸ்கேலர்’, படிக்கும்போது அழைக்கப்படும் ‘ஃபெட்ச்’, மதிப்பிடும்போது அழைக்கப்படும் ‘ஸ்டோர்’ ஆகிய மூன்று மெத்தடுகளை, அதாவது கிளாஸுக்குள் இருக்கும் செயற்கூறுகளை, எழுதினால் போதும். விழுக்காட்டைக் குறிக்கும் மாறி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வரும் எண் 100-ஐத் தாண்டினால் 100 என்றே சேமிக்கும்படி ‘ஸ்டோர்’ மெத்தடில் எழுதிவிட்டால், நிரலின் எந்த மூலையில் யார் 130 என்று இட்டாலும், படிக்கும்போது கிடைப்பது 100தான்.

பெயர்–மதிப்பு இணைகளாகத் தரவை வைத்திருக்கும் மாறியான ஹாஷுக்கு மெத்தடுகள் அதிகம். எல்லாவற்றையும் எழுதிக் கைநோகாமல், ‘டை::ஸ்டட்ஹாஷ்’ கிளாஸிலிருந்து மரபுரிமை பெற்று, வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றில் கவனம் தேவை. ஒரே வரியில் அந்த மாறியை இரண்டு இடங்களில் எழுதினால் ‘ஃபெட்ச்’ இரண்டு முறை இயங்கும். அது கோப்பைத் திறந்து படிப்பதாக இருந்தால், பார்வைக்குச் சாதுவான அந்த வரியே நிரலை மந்தமாக்கிவிடும் என்பதால், மதிப்பை முதலில் சாதாரண மாறி ஒன்றுக்கு மாற்றிக்கொள்வதே என் வழக்கம். பிணைப்பை அவிழ்க்க ‘அன்டை’ இருக்கிறது.