பதநீர்: நாக்குக்கு முன்னே கண்ணும் மூக்கும்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விற்கும் பதநீர் ஒருநாள் அமிர்தமாக இருக்கிறது, மறுநாள் தொண்டையைக் காந்துகிறது. நல்லதைப் பார்த்து வாங்குவது எப்படி? - வாசகி, பெரியபட்டினம்

பதில்: இனிப்பை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றிச் சாக்கரின் போட்டாலும் இனிக்கத்தான் செய்யும்.

தரம் பார்ப்பதற்கு ஓலைப் பட்டை வேண்டாம், கண்ணாடி டம்ளரில் வாங்குங்கள். பட்டையில் குடிக்கிற சுகம் தனிதான். ஆனால் பச்சை ஓலையின் வாசம் பதநீரின் வாசத்தை மூடிவிடும். மாங்காய்த் துண்டும் அப்புறம்தான். பனஞ்சாறு புளிக்காமல் இருக்க, மரத்தில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். மாங்காயின் புளிப்பு அந்தச் சுண்ணாம்புக் காரலை அமுக்கிவிடும், குறை தெரியாது.

டம்ளரைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். ஊற்றியபோது எழுந்த நுரை அடங்கி, அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து, மேலே இளமஞ்சள் சாயலில் தெளிந்து வந்தால் நல்லது. தெளியாமல் கலங்கியே நின்று, அடியிலிருந்து பொடிக்குமிழி ஏறிக்கொண்டே இருந்தால் புளிக்க ஆரம்பித்துவிட்டது. முகர்ந்தால் பாளையின் பச்சை வாசம் வரவேண்டும். புளித்த மாவு வாடை வரக்கூடாது.

அதன்பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். நல்ல பதநீரின் இனிப்பு உடனே தெரியும், விழுங்கியதும் விலகிவிடும். சாக்கரின் இனிப்பு லேசில் போகாது, பின்னால் ஒரு கசப்பையும் விட்டுவைக்கும். வாய்க்குள் வழவழவென்று இழுத்தால், சர்க்கரையைப் பசையாக மாற்றும் பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிடுங்கள்.

நிறைய வாங்குகிறவர்கள் ஒரு லிட்டரை வீட்டில் சுண்டக் காய்ச்சிப் பாருங்கள். நூறு கிராமுக்குக் குறையாமல் கருப்பட்டி நிற்க வேண்டும். பதநீரில் சர்க்கரைச் சத்து சுமார் 10 முதல் 14 சதவீதம். தண்ணீர் கலந்திருந்தால் இந்தக் கணக்கில் அகப்பட்டுவிடும்.

கேள்வி: சுண்ணாம்பு கூடவா குறையவா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா? - வாசகர், ஏர்வாடி

பதில்: மஞ்சள்தூள் போதும். இரண்டு கரண்டி பதநீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். சுண்ணாம்பு இருந்தால் நிறம் சிவப்புக்கு மாறும். செங்கல் நிறத்தில் ஏறிவிட்டால் சுண்ணாம்பு தூக்கல். குடித்தால் நாக்கு வறளும், தொண்டை காந்தும். மஞ்சளாகவே நின்றால் இரண்டில் ஒன்று: கலயத்தில் சுண்ணாம்பே தடவவில்லை, அல்லது தடவிய சுண்ணாம்பைப் புளிப்பு தின்றுவிட்டது. நாக்கில் இன்னும் புளிப்பு தட்டாத நேரத்திலேயே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

கூடுதல் சுண்ணாம்பைத் தெளியவைத்து இறுத்தால் ஓரளவுதான் குறையும். வெறும் தண்ணீரைவிட சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் கரையும். ஆகவே தெளிவிலும் காரல் நிற்கும். மாங்காய்த் துண்டு அப்போது உதவும்.

கேள்வி: காலையில் வாங்கிய பதநீர் பதினோரு மணிக்குள் கேனில் நுரை கட்டிவிடுகிறது. மரத்துக்காரர் சுண்ணாம்பு தடவியதாகத்தான் சொல்கிறார். - வாசகர், மண்டபம்

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நீற்றிய சுண்ணாம்பைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு வீரியம் போய்விடும். பார்வைக்கு அதே வெள்ளை, ஆனால் ஈஸ்ட்டை அடக்கும் சக்தி இருக்காது. மூடிவைத்த சுண்ணாம்பை எடுத்து, ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவிப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

உங்கள் கேனையும் பாருங்கள். நேற்றைய பதநீர் மூடியின் மரையில் காய்ந்திருந்தால் அதுவே உறைமோர் ஊற்றிய மாதிரி. எவர்சில்வர் தூக்குக்கு மாறி, கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வண்டியில் தொங்கவிட்டு வருவதானால் ஈரத்துணி சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நுரை கட்டியதை இறுக மூடாதீர்கள், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் குடிக்கலாமா? - வாசகி, கீழக்கரை

பதில்: வேண்டாம். 200 மில்லி டம்ளர் ஒன்றில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இயற்கையானது என்பதால் அது குறைந்துவிடாது.

கேள்வி: மிச்சப் பதநீரைக் காய்ச்சினேன். எவ்வளவு நேரம் கிண்டியும் கருப்பட்டியாக இறுகவில்லை, பாகாகவே நிற்கிறது. - வாசகி, சாயல்குடி

பதில்: லேசாகப் புளித்ததைக் காய்ச்சியிருப்பீர்கள். புளிக்கும்போது சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் ஆகிவிடும். அவை கட்டியாக விடாமல் பாகைப் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும். மேலும் கிண்டினால் கருகிக் கசக்கும், இறுகாது. அடுத்த முறை அடுப்பில் ஏற்றுமுன் மஞ்சள் சோதனையைச் செய்யுங்கள். மஞ்சளாகவே நின்றால் கருப்பட்டிக்கு எடுக்காதீர்கள். பதமும் பார்க்க வேண்டும்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கையில் உருண்டு வரவேண்டும், அப்போதுதான் சிரட்டையில் ஊற்றலாம். இப்போது கையில் இருக்கும் பாகு கருகாமல் இருந்தால் வடிகட்டி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பணியார மாவுக்கு அது நன்றாகவே சேரும்.