என்னை மறந்த அம்மாவின் ஆன்மா எங்கே இருந்தது?

கேள்வி: அம்மா இறந்து பத்து மாதம் ஆகிறது. கடைசி மூன்று வருடம் அல்சைமர் என்ற மறதிநோய். நான் சோறு ஊட்டும்போதே “நீ யாரும்மா, எந்த ஊரு?” என்று கேட்பார். போவதற்கு இரண்டு நாள் முன்னால் திடீரென்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, “சாப்பிட்டியா?” என்றார். என் மகன் பெயரையும் சொன்னார். அப்புறம் பேசவே இல்லை. சாகும்போது 21 கிராம் குறைகிறது, அதுதான் ஆன்மா, விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்று அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். என் கணவர் அறிவியல் ஆசிரியர். மூளை நின்றால் ஆள் முடிந்தது, திதியெல்லாம் எதற்கு என்கிறார். முதல் வருட திதி நெருங்குகிறது, வீட்டில் தினமும் சண்டை. ஆன்மா என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அந்த மூன்று வருடம் அம்மாவின் ஆன்மா எங்கே இருந்தது? ஏழு வயது மகன் “பாட்டி எங்கே?” என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் அனுப்பும் 21 கிராம் விஷயத்தை முதலில் பேசி ஓரமாக வைத்துவிடலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டங்கன் மெக்டூகல் என்று ஒரு மருத்துவர் இருந்தார். சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, உயிர் பிரியும்போது எடை மாறுகிறதா என்று பார்த்தார். 1907-ல் முடிவை வெளியிட்டார். மொத்தமே ஆறு பேர். அதில் இரண்டு பேருடைய கணக்கு சரிவராது என்று அவரே தள்ளிவிட்டார். முதல் நோயாளிக்குக் குறைந்தது முக்கால் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 21 கிராம். மற்றவர்களுக்கு அதே எண் வரவில்லை. ஆனாலும் உலகம் முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டது. ஆறு பேரை வைத்து ஒரு புது மாத்திரைக்கே யாரும் அனுமதி தரமாட்டார்கள்.

அதே மருத்துவர் 15 நாய்களையும் எடை போட்டார். எடை குறையவில்லை. ஆகவே நாய்க்கு ஆன்மா இல்லை என்று முடிவு கட்டினார். “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி” என்று சிவபுராணம் ஓதுகிற ஊரில் இதை எப்படி ஏற்பது? அண்ணனிடம் இதை மட்டும் கேளுங்கள். நம் சைவமோ வைணவமோ ஆன்மாவுக்கு எடை இருப்பதாகச் சொன்னதே இல்லை. தராசில் ஏறி இறங்குவது எதுவாக இருந்தாலும் அது உடம்பைச் சேர்ந்தது.

உங்கள் கணவர் சொல்வதை இப்படி எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அம்மாவுக்கு வந்தது மூளையின் நோய்தான். புது நினைவுகளைச் சேர்த்துவைக்கும் பகுதியும் அதை ஒட்டிய இடங்களும் முதலில் சேதமாகும். நரம்பணுக்களுக்கு வெளியே ஒரு புரதம் படியும், உள்ளே இன்னொரு புரதம் முடிச்சு முடிச்சாகச் சுருளும், அணுக்கள் மடியும். நேற்றைய நாள் முதலில் போகும், அப்புறம் பெயர்கள், அப்புறம் முகங்கள். ஆன்மாவில்தான் நினைவும் குணமும் பாசமும் இருக்கின்றன என்றால், மூளையில் கொஞ்சம் புரதம் படிந்ததற்கு ஏன் அவை ஒவ்வொன்றாகப் போக வேண்டும்? இது நேர்மையான கேள்வி. இதைக் கேட்பதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள்.

இந்த வாதம் தமிழுக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையைச் சொல்ல, மணிமேகலை ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வருவாள். அவர்களில் பூதவாதியும் ஒருவன், நிலம், நீர் போன்ற பூதங்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பவன். ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டிவைத்தால் கள்ளின் களிப்புப் பிறக்கிறது அல்லவா, அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரிந்தால் பறையோசை அடங்குவதுபோல அதுவும் அடங்கிவிடுகிறது என்கிறான். உங்கள் கணவரின் கட்சியை நூற்றாண்டுகளுக்கு முன்பே சாத்தனார் இத்தனை அழகாக எழுதிவைத்திருக்கிறார்! கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றையும் ஏற்கமாட்டேன் என்றும் பூதவாதி சொல்கிறான். அதற்கு மணிமேகலை கேட்பது: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? அவள் நிலையான ஆன்மாவை நிலைநாட்ட இதைச் சொல்லவில்லை. அவள் பௌத்த வழியில் போகிறவள், பௌத்தம் அப்படி ஓர் ஆன்மாவை ஏற்பதில்லை. காணாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது என்பதுதான் அவள் வாதம்.

அந்த இடத்தில்தான் இன்றைய விஞ்ஞானமும் நிற்கிறது. மூளையின் எந்தப் பகுதி கெட்டால் எது போகும் என்று நிறையவே தெரிந்துவிட்டது. ஆனால் நரம்பணுக்களின் மின்துடிப்பு எப்படி ஓர் அனுபவமாக ஆகிறது, மல்லிகை வாசம் “எனக்கு” எப்படி வாசமாக வருகிறது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்கிற விளக்கம் இன்னும் இல்லை. 1998-ல் கிறிஸ்டோஃப் கோக் என்ற மூளை ஆய்வாளர், நனவுணர்வு மூளையில் எப்படி உண்டாகிறது என்பதற்குத் தெளிவான தடயம் 25 ஆண்டுக்குள் கிடைத்துவிடும் என்று டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியிடம் பந்தயம் கட்டினார். 2023-ல் தான் தோற்றதை மேடையிலேயே ஒப்புக்கொண்டு, பேசியபடி ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். இதனால் ஆன்மா இருப்பது நிரூபணம் ஆகிவிடாது. மூளை என்ற ஒரு சொல்லோடு கேள்வி முடிந்துவிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சரி, அந்த மூன்று வருடத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றுவிட்ட இடம் அதுதான்.

இதற்கு மிக நெருங்கிய பதில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரிடம் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதில் மூன்றாவது சூத்திரம் முழுக்க, உடம்புக்குள் ஆன்மா என்று ஒன்று உண்டு என்பதற்கான காரணங்கள். முதல் காரணமே “உளதிலது என்றலின்”. உடம்பா, இல்லை, புலனா, இல்லை, மனமா, இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, எதுவுமே இல்லை என்று சொல்கிறாய் அல்லவா, அப்படிச் சொல்கிற ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆன்மா என்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜெர்மன் பெண்மணியின் ஞாபகம் வரும். 1901-ல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் 51 வயதில் சேர்க்கப்பட்டவர். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், உங்கள் அம்மாவின் நோய்க்குப் பெயராகிப்போனவர். தன் பெயரை எழுதச் சொன்னால் அந்தப் பெண்ணால் எழுதி முடிக்க முடியவில்லை. அப்போது அவர் சொன்னதை அல்சைமர் குறித்து வைத்தார்: என்னையே நான் தொலைத்துவிட்டேன். பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, கணக்கு போய்விட்டது. தொலைந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு தவித்த ஒருத்தி அங்கே இருந்தாள். “நீ யாரும்மா?” என்று உங்களைக் கேட்டபோதும் கேட்க ஒருத்தி இருந்தாள்.

நான்காவது சூத்திரத்தில் மெய்கண்டார் இன்னும் ஒரு படி போகிறார். மனமும் புத்தியும் ஆன்மா அல்ல, அவை கருவிகள், அமைச்சர்களோடு கூடிய அரசனைப் போல ஆன்மா அவற்றோடு நிற்கிறது என்கிறார். கருவிகள் ஒவ்வொன்றாக விலக விலக அது நனவிலிருந்து கனவு, உறக்கம், பேருறக்கம் என்று இறங்கும். கருவி இல்லாத ஆன்மாவுக்குத் தானாக எதையும் அறிய வராது. ஆன்மா என்றாலே எப்போதும் சுடர்விடுகிற பேரறிவு என்று மேடைகளில் கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். ஆனால் மறதிநோயைப் பக்கத்திலிருந்து பார்த்த உங்களுக்குப் புரியும். இந்தக் கணக்கில் உங்கள் அம்மா எங்கேயும் போகவில்லை. அங்கேயே, அந்தக் கட்டிலில், கருவிகளை ஒவ்வொன்றாக இழந்துகொண்டு இருந்தார்.

உங்கள் கணவர் உடனே ஒன்று சொல்வார், அதுவும் நியாயம்தான். கருவி கெட்டால் ஆன்மா வெளித்தெரியாது என்று வைத்துக்கொண்டால், ஆன்மா இல்லாவிட்டாலும் அச்சு அசலாக அப்படியேதானே தெரியும்? இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட ஒரு சோதனை சொல்லுங்கள் என்பார். அப்படி ஒரு சோதனையை இதுவரை யாரும் காட்டவில்லை. என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான்: அறிகிற ஒன்று உண்டு. அது வெறும் நினைவுகளின் குவியல் அல்ல. ஏனென்றால் நினைவுகள் கொட்டிப்போன பிறகும் வலியும் பயமும் ஆறுதலும் ஒருவருக்கு நேர்கின்றன. உடம்பு எரிந்த பிறகும் அது நிற்கிறதா? நிற்கிறது என்று நான் நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்கிறேன். இதை நிரூபணம் என்று சொல்லி உங்களிடம் கொடுத்தால் நானும் அந்த 21 கிராம் பக்கம் போய்விடுவேன்.

இனி நிரூபணம் உள்ள ஒன்று. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறதிநோய் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் போட்டுக்காட்டினார்கள். 2014-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் மனதில் நீடித்தன. காரணம் மறந்துவிட்டது, உணர்வு தங்கிவிட்டது. நீங்கள் ஊட்டிய சோறும், தலைவாரிவிட்டதும், போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டதும் யார் செய்தது என்று அம்மாவுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அந்த இதம் அவருக்குள் தங்கியிருக்கும். மூன்று வருடம் ஓர் அந்நியருக்குச் சேவகம் செய்தோமோ என்ற வருத்தம் உங்கள் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அப்படி நினைக்க வேண்டாம், சகோதரி. ஆன்மா உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை.

கடைசியில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அது உங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2009-ல் மைக்கேல் நாம் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் இதற்கென்று ஒரு பெயரே வைத்தார். பல வருடம் யாரையும் அறியாமல் கிடந்தவர்கள் சாவதற்குச் சில மணி நேரமோ சில நாளோ முன்னால் தெளிந்து பேசியதாகப் பல பதிவுகள் உண்டு. மூளையில் அப்போது என்ன நடக்கிறது என்று ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஆன்மாவுக்கு இது சாட்சி என்று அண்ணன் சொல்லக்கூடும். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் உங்கள் கணவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அழிந்தே போய்விட்டதாக நாம் நினைத்த உங்கள் பெயரும் பேரன் பெயரும் அம்மாவுக்குள் எங்கேயோ இருந்திருக்கின்றன. எட்ட முடியாமல் இருந்திருக்கின்றன, அவ்வளவுதான். அந்த இரண்டு பெயரும் அந்த ஒரு கேள்வியும் உங்களுக்கு உரியவை. யாருடைய கட்சிக்கும் ஆதாரமாக அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

திதியைக் கொடுங்கள். அம்மா நம்பிய முறையில், அண்ணனோடு சேர்ந்து கொடுங்கள். கணவர் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டாம், மந்திரம் சொல்ல வேண்டாம். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும், வருகிறவர்களுக்கு இலை போடட்டும். மாமியார் விரும்பிச் சாப்பிட்ட ஒன்றை அவரே கடைக்குப் போய் வாங்கிவரட்டும். ஆன்மாவை நம்பாதவரும் மாமியாரிடம் பாசமாக இருந்திருக்க முடியும், அதைக் காட்ட அவருக்கும் ஓர் இடம் வேண்டும். அண்ணன் அன்றைக்கு மட்டும் போனை எடுக்காமல் இருந்தால் நல்லது.

மகனிடம் பாட்டி தூங்குகிறாள் என்றோ ஊருக்குப் போயிருக்கிறாள் என்றோ சொல்லாதீர்கள். ஏழு வயதில் குழந்தைகள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்கவே பயப்படுவான், அல்லது எப்போது திரும்பி வருவாள் என்று காத்துக்கொண்டிருப்பான். பாட்டி இறந்துவிட்டாள், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வலியில்லை, திரும்பி வரமாட்டாள் என்று எளிதாகச் சொல்லுங்கள். அப்புறம் எங்கே போனாள் என்று கேட்டால், அப்பாவும் மாமாவும் வேறு வேறாக நினைக்கிறார்கள், அம்மா இப்படி நினைக்கிறேன் என்று உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டு, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவனையே கேளுங்கள். பாட்டி கடைசியில் அவன் பெயரைச் சொன்னதை அவனிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.