சலவை நீரும் இறுகிப்போன பாத்தியும்

கேள்வி: வீட்டுத் தேவைகளை இயன்ற வரை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக முயன்று வருகிறோம். சலவை இயந்திரத்திலிருந்து வரும் நீரைப் பெரிய டிரம்மில் சேர்த்து வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை காய்கறிப் பாத்திகளுக்கு ஊற்றுகிறோம். ஆறு மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது மண் ஓடு போல இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கிறது. இலைகளின் ஓரம் கருகுகிறது. டிரம்மைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். டிரம்மில் பிளீச் ஊற்றலாமா? மண்ணில் வினிகர் ஊற்றச் சொல்கிறார்களே, சரியா? இதை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட்டுவிட வேண்டாம். பிளீச், வினிகர் இரண்டுமே வேண்டாம். நாற்றம் தனிப் பிரச்சினை, அதை இன்றைக்கே தீர்த்துவிடலாம். மண் இறுகியதும் இலை கருகியதும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: நீங்கள் பயன்படுத்தும் சலவைத் தூள்.

என் ஊகத்தை அப்படியே நம்பாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். இறுகிய பாத்தியிலிருந்து பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை எடுத்து நன்றாகக் காயவையுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றி, கட்டியை மெல்ல உள்ளே இறக்கிவிட்டு, கலக்காமல், ஆட்டாமல் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டி உடைந்து துணுக்குகளாகக் கிடந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போலக் கலங்கல் பரவி நின்றால், மண்ணில் சோடியம் மிகுந்துவிட்டது என்று பொருள். குழாய் நீரில் இதைச் செய்யாதீர்கள். அதில் கரைந்துள்ள உப்புகள் கலங்கலை மறைத்துவிடக்கூடும். சலவை நீர் படாத மூலையிலிருந்தும் ஒரு கட்டி எடுத்து, இன்னொரு டம்ளரில் போட்டுப் பக்கத்திலேயே வையுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது இருந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்துபோய் மண்ணின் இடுக்குகளை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்ததும் மேல்பரப்பு ஓடாகிவிடுகிறது. உழவர்கள் களர் என்று சொல்வது இதைத்தான். மணற்பாங்கான மண் ஓரளவு தாங்கும், களிமண் சீக்கிரமே முரண்டு பிடிக்கும். சலவைத் தூள்களில் சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட் போன்ற உப்புகள் கணிசமாகச் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு சலவையிலும் சிறிது சிறிதாக அவை உங்கள் பாத்தியில் இறங்கியிருக்கின்றன. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாமல் போனதும் அதனால்தான்.

வினிகர் மண்ணின் காரத்தன்மையைச் சற்று நேரம் தணிக்கலாம், சோடியத்தை வெளியேற்றாது. பிளீச்சோ தானே ஒரு சோடியம் சேர்மம். மண்ணில் உங்களுக்காக உழைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும்.

ஆகவே முதல் வேலை சோப்பை மாற்றுவது. இதைச் செய்யாமல் மண்ணுக்கு என்ன வைத்தியம் பார்த்தாலும் வீண். பொதுவாகத் தூளைவிடத் திரவத்தில் சோடியம் குறைவு. பொட்டாசியத்தை அடிப்படையாகக் கொண்ட திரவ சோப்பு இன்னும் நல்லது. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். போராக்ஸ், பெர்போரேட் என்ற சொற்களைக் கண்டால் வாங்காதீர்கள், இரண்டிலும் போரான் இருக்கிறது. போரான் செடிக்குத் துளியளவு தேவை. அதற்கு மேல் சிறிது கூடினாலே இலை ஓரம் கருகத் தொடங்கும். வீட்டில் உப்புப் போட்டு இயக்கும் கடினநீர் மென்மையாக்கி இருந்தால், அதன் வழியாக வந்த நீரையும் தோட்டத்துக்கு விடக் கூடாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் கருவி.

சோதனையில் கலங்கல் வந்த பாத்திக்கு மட்டும் ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட் தூளைப் போடுங்கள். சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரை தூவி, மேல்மண்ணோடு கிளறிவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரை, முடிந்தால் மழைநீரை, மெதுவாகவும் நிறையவும் பாய்ச்ச வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் துகள்களிலிருந்து விலக்கும். விலகிய சோடியத்தை நீர்தான் வேருக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஜிப்சம் எளிதில் கரையாது, அதனால் ஒரே நாளில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு மேல் மக்கிய உரமும், காய்ந்த இலை மூடாக்கும். மூடாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் மண்ணில் வெயிலும் நீர்த்துளியும் நேராக விழுந்தால் ஓடு மறுபடி கட்டிக்கொள்ளும்.

இனி டிரம். சலவை நீரில் வியர்வை, தோல் செதில், நூல் துகள், சோப்பு எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வகையினம் தலையெடுக்கிறது. அது உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். சலவை நீரை 24 மணி நேரத்துக்கு மேல் சேமிக்கக் கூடாது என்பது பொது விதி. என்னைக் கேட்டால் சேமிக்கவே வேண்டாம், டிரம்மை மழைநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் வெளியேற்றுக் குழாயில் மூவழி வால்வு ஒன்றைப் பொருத்தி, ஒரு வழியைத் தோட்டத்துக்கும் மற்றொன்றைச் சாக்கடைக்கும் விடுங்கள். குழந்தையின் கழிவுத் துணி, நோயாளியின் துணி, பிளீச் போட்ட வெள்ளைத் துணி துவைக்கும் நாளில் வால்வு சாக்கடைப் பக்கம் இருக்கட்டும். மழைக்காலத்திலும் அப்படியே. தோட்டக் குழாய் சரிவாகக் கீழ்நோக்கிப் போவது முக்கியம். இயந்திரத்தின் பம்ப் சிறியது. மேட்டுக்கும் வெகுதூரத்துக்கும் தள்ளச் சொன்னால் பழுதாகிவிடும்.

இந்த நீர் காய்கறிப் பாத்திக்கு உரியதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் கிழங்குக்கும் அது படவே கூடாது. பழ மரங்களுக்குக் கொடுங்கள். மரத்தைச் சுற்றிக் கிளைகள் விரிந்திருக்கும் எல்லையில் வட்டமாகப் பள்ளம் எடுத்து, மரச்சீவலால் நிரப்பி, அதற்கு அடியில் நீர் விழும்படி குழாயை வையுங்கள். வெளியே நீர் தேங்காது, கொசு வராது, குழந்தைகளின் கையிலும் படாது. வாரத்துக்கு ஒரு மரம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசி அலசல் நீரில் சோப்பு மிகக் குறைவு. இளம் மரங்களுக்கு அதை மட்டும் பிரித்து விடலாம்.

மூன்று மாதம் கழித்து அதே பாத்தியிலிருந்து மறுபடி ஒரு கட்டி எடுத்து டம்ளரில் போட்டுப் பாருங்கள். கலங்கல் குறையவில்லை என்றால் ஜிப்சத்தைக் கூட்டாதீர்கள். ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று முதலில் கவனியுங்கள்.