அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பின் நடுவே மாறுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் விண்ணப்பித்திருந்தால் கிடைத்திராத ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற இடங்கள் டிரான்ஸ்பர் வழியில் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. பல முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இந்த வழி முதலாண்டுச் சேர்க்கையை விடவும் குறுகலானது. முதலாண்டில் சேர்ந்தவர்கள் அங்கிருந்து விலகுவது மிக அரிது. விடுதி அறைகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. எஞ்சும் சில இடங்களுக்குத்தான் உலகெங்கிலுமிருந்து போட்டியிடுகிறார்கள். விடுதி நெருக்கடியைக் காரணம் காட்டி 2008-இல் ஹார்வர்டு இரண்டு ஆண்டுகளுக்கு டிரான்ஸ்பர் சேர்க்கையையே நிறுத்தி வைத்தது. 1990-இல் இதைக் கைவிட்ட பிரின்ஸ்டன் 2018-இல் மீண்டும் தொடங்கியபோது 13 பேருக்கு மட்டுமே இடம் அளித்தது. கார்னெல் இவற்றிலிருந்து மாறுபட்டது: ஒவ்வோர் ஆண்டும் பல நூறு பேரை எடுக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு கல்லூரியும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டிய பாடங்களைத் தனித்தனியே கேட்கும் என்பதால், அந்தப் பட்டியலை இன்றே எடுத்து உங்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலக்கணக்கும் முக்கியம். பட்டத்துக்குரிய படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்களிடம் படித்திருக்க வேண்டும் என்பது யேல், ஹார்வர்டு போன்றவற்றின் விதி. அதனால் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது பெரும்பாலும் பயன் தராது. பட்டம் பெற்றுவிட்டவர்களுக்கு இந்த வழி பொதுவாக அடைபட்டுவிடும். அவர்கள் முதுநிலைப் படிப்பைத்தான் பார்க்க வேண்டும். கடைசித் தேதி பல இடங்களில் மார்ச் மாதத்தில் வருகிறது.

கேள்வி: ஏன் மாற விரும்புகிறேன் என்ற கட்டுரையில் என்ன எழுதுவது? இப்போதைய கல்லூரியின் குறைகளைச் சொல்லலாமா?

இந்தக் கட்டுரைதான் விண்ணப்பத்தின் உயிர். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பத்துக்கு எட்டு, ‘உலகத் தரமான கல்வியைப் பெற வேண்டும் என்பது என் சிறு வயதுக் கனவு’ என்றுதான் தொடங்குகின்றன. அந்த வரியை எந்த மாணவரும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். அதனாலேயே அது யாருக்கும் உதவுவதில்லை.

கட்டடப் பொறியியல் படித்த ஒரு மாணவியும் அப்படித்தான் எழுதி வந்தார். பேசிக்கொண்டிருந்தபோது, தன் ஊர் ஏரியின் மதகு பழுதானபின் எந்த வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னார். எடுத்துவரச் சொன்னேன். பென்சிலில் கட்டம் போட்டு, தேதி, வயல்காரர் பெயர், முறை தவறிய நாள்கள் என்று நாற்பது பக்கம் இருந்தது. மதகைக் கட்டும் கணக்கைத் தன் கல்லூரி கற்றுத்தந்தது என்றும், தண்ணீரைப் பங்கிடும் முடிவை யார், எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் படிக்க அங்கே ஒரு விருப்பப் பாடம்கூட இல்லை என்றும் அவர் எழுதினார். பழைய கல்லூரியைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் அதில் இல்லை. ஆனாலும் அவர் ஏன் மாற வேண்டும் என்பது படிப்பவருக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைப்புப் பெற்றது. ‘மிட்-டேர்ம் ரிப்போர்ட்’ என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்றை எங்கள் அலுவலகம் கேள்விப்பட்டதே இல்லை. என்ன செய்வது?

நடந்துகொண்டிருக்கும் செமஸ்டரில் நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு பாட ஆசிரியரும் குறித்துத் தரும் தாள் அது. நம் முறையில் அதற்கு நேரான ஆவணம் கிடையாது என்றாலும், உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைக் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் எழுதி, ஒவ்வொரு ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்கி, துறைத் தலைவரின் முத்திரையுடன் அனுப்பலாம். கூடவே நம் தேர்வு முறையை விளக்கி நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். டிரான்ஸ்கிரிப்டை, அதாவது எல்லாச் செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வப் பட்டியலை, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து பெற வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் டிசம்பரிலேயே பணம் கட்டிவிடுங்கள். ஒரு கல்லூரியில் கையெழுத்திட வேண்டியவர் விடுப்பில் இருந்தார் என்பதற்காக, எல்லாத் தாள்களும் தயாராக இருந்த ஒரு பையனின் உறை மார்ச் முதல் வாரம் வரை மேசையிலேயே கிடந்தது. அந்த ஆண்டு அவனுக்குப் போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சிஜிபிஏ-வை அமெரிக்கக் கணக்குக்கு நீங்களாக மாற்றி எழுதாதீர்கள். இங்கே தந்ததை அப்படியே கொடுங்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம்.

கேள்வி: என் மகள் விண்ணப்பிக்கிறாள். உதவித்தொகை கேட்டால் இடம் கிடைக்காது என்கிறார்கள். கேட்காமல் சேர்த்துவிட்டுப் பிறகு கேட்கலாமா?

வேண்டாம் ஐயா. ஸ்டான்ஃபோர்டில், விண்ணப்பத்தின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் படிப்புக் காலம் முழுவதும் கேட்க முடியாது. வெளிநாட்டு மாணவருக்கு உதவி தேவையா என்பதைச் சேர்க்கை முடிவின்போதே அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஹார்வர்டும் யேலும் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் முடிவெடுத்து, வெளிநாட்டவர் உட்பட டிரான்ஸ்பர் மாணவர்களுக்கும் தேவைக்கேற்ப உதவுகின்றன. நடுத்தரக் குடும்பங்கள் அஞ்சி ஒதுங்கும் இந்தப் பெயர்களில், இடம் கிடைத்துவிட்டால், செலவு குறைவாகவே இருக்கலாம். வீட்டை அடமானம் வைக்கும் முடிவை உதவித்தொகைக் கடிதம் கைக்கு வரும்வரை எடுக்காதீர்கள்; அதுவரை இங்குள்ள இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கிறேன். பெர்க்லிக்கு உறுதியாக இடம் கிடைக்குமா?

உறுதி இல்லை. பெர்க்லி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஒன்று. அந்தப் பல்கலைக்கழகம் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடத்தை உறுதிசெய்யும், டிஏஜி எனப்படும் உத்தரவாதத் திட்டத்தில் டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களே உள்ளன. பெர்க்லி, யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்), சான் டியேகோ அதில் இல்லை. டிஏஜிக்குச் செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். எனினும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழக அமைப்பு தரும் முன்னுரிமை பெர்க்லியிலும் உங்களுக்குத் துணை நிற்கும். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற அதிகாரபூர்வ இணையதளத்தில் பாருங்கள். வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்குமான கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்குள்ளேயே கல்லூரி மாறினால் மீண்டும் விசா எடுக்க வேண்டுமா?

பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகாமல், மாணவர் தகுதியும் முறிவின்றித் தொடர்ந்தால் பழைய கல்லூரியின் பெயர் இருந்தாலும் அதுவே செல்லும். செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு பதிந்து வைக்கும் கணினித் தளம்) கட்டணத்தையும் மீண்டும் கட்ட வேண்டியதில்லை. பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் உங்கள் செவிஸ் பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்க ஒரு தேதி குறிக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய கல்லூரியால் அதைத் திரும்ப எடுக்க முடியாது; அங்கே நீங்கள் பார்த்துவந்த வளாக வேலையும் அன்றோடு நிற்க வேண்டும். எனவே எங்கே சேர்வது என்று முடிவான பின்னரே தேதியைச் சொல்லுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், திரும்பும்போது புதிய கல்லூரி தந்த ஐ-20, அதாவது மாணவர் தகுதிக்கான சான்றுப் படிவம், கையில் இருக்க வேண்டும்.