சுருட்டு உடம்புக்குள் மோட்டார்: 1967 ரேஸ் காரை ஸ்லாட் காராகக் கட்டுவது

கேள்வி: 1967 லோட்டஸ் 49 மாதிரியில், 1/32 அளவில் ஒரு ஸ்லாட் கார் (தடத்திலுள்ள காடியைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் சின்ன கார்) கட்டிக்கொண்டிருக்கிறேன். ரெசினில் வார்த்த பாடிக்கு பெயின்ட் அடித்து முடித்துவிட்டேன். கையிலிருந்த 130 அளவு மோட்டார் பாடிக்குள் படுக்கவில்லை. பக்கவாட்டில் நிமிர்த்தி எப்படியோ திணித்தேன். நேர்த் தடத்தில் நன்றாக ஓடுகிறது, வளைவு வந்தால் புரண்டுவிடுகிறது. புரளும்போதெல்லாம் சஸ்பென்ஷன் கம்பிகள் ஒடிகின்றன. காரைத் தடத்தோடு இழுத்துப் பிடிக்கும் காந்தம் வைக்க மனமில்லை. சேசிஸை (அடிச்சட்டத்தை) பித்தளையில் நானே கட்டலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் பாடியை ஓரமாக வைத்துவிட்டு மோட்டாரிலிருந்து ஆரம்பியுங்கள். கார் புரள்வதற்கான காரணம் பெரும்பாலும் அந்த மோட்டாரை நிமிர்த்தியதில்தான் இருக்கிறது.

130 மோட்டார் சுமார் 20 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம், 25 மி.மீ. நீளம். அந்தக் காலத்து கிராண்ட் பிரீ கார்களோ சக்கரம் முளைத்த சுருட்டுகள். இறக்கைகள் வந்து ஒட்டியதே 1968இல்தான். அதற்கு முன் உடம்பை எவ்வளவு ஒல்லியாக்க முடியுமோ அவ்வளவு ஒல்லியாக்கினார்கள். ரெசின் பாடியின் சுவர் பக்கத்துக்கு 2 மி.மீ. என்றால், வெளி அகலத்தில் 4 மி.மீ. அங்கேயே போய்விடும். அதனால்தான் மோட்டார் படுக்கவில்லை.

நிமிர்த்தினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மோட்டார் நீளவாக்கில் இருந்து பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரமான கிரவுன் கியரைச் சுழற்றும் அமைப்பில், மோட்டார் தண்டின் கோடு பின் ஆக்சிலின் மையத்தை நோக்கியே வர வேண்டும். பின் டயர் 21 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆக்சில் 10.5 மி.மீ. உயரத்தில் இருக்கும். நிமிர்த்திய மோட்டாருக்கு 20 மி.மீ. உயரம், நடுவிலிருந்து கீழே 10. அடியில் மிஞ்சுவது அரை மி.மீ.! தடத்தில் உரசாமலிருக்க அதன் முன்பக்கத்தைத் தூக்கித்தான் வைத்திருப்பீர்கள். காரிலேயே கனமான பொருளை மேலே ஏற்றிவிட்டால் வளைவில் புரளாமல் என்ன செய்யும்?

உங்களுக்குத் தேவை 050 அளவு ஒல்லி மோட்டார். சுமார் 15.5 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரம். இதைப் படுக்க வைத்தால் அடியில் 4.5 மி.மீ. இடம் கிடைக்கும். அந்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். மோட்டாரின் முன்பக்கத்தை 5 டிகிரி அளவுக்குக் கீழே சாய்த்துவிடுங்கள். தண்டின் கோடு ஆக்சில் மையத்தை நோக்கியே இருப்பதால், மோட்டாரும் அதன் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனும் சேர்ந்து ஆக்சிலைச் சுற்றிக் கொஞ்சம் இறங்குகின்றன, அவ்வளவுதான். பல் பிடிப்பு இம்மியும் மாறாது. மோட்டாரின் நடுப்பகுதி மட்டும் கிட்டத்தட்ட 2 மி.மீ. தாழ்ந்துவிடும். பாரத்துக்கு ஈயத்தகடு ஒட்டாமலே கிடைக்கும் லாபம் இது.

சின்ன மோட்டாரில் வலு குறைவுதானே என்று தோன்றும். குறைவுதான், ஆனால் இந்தக் காருக்கு அது போதும். 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் மோட்டார், 9 பல் பினியன், 27 பல் கிரவுன் கியர் என்றால் சக்கரம் 6,000 சுற்று சுற்றும். 21 மி.மீ. டயரின் சுற்றளவு 66 மி.மீ.; சுமை இல்லாத கணக்கில் நொடிக்கு ஆறரை மீட்டர். ஒல்லி டயரும் காந்தமில்லாத அடிப்பாகமும் உள்ள காருக்கு இதுவே அதிகம். வேகத்தைவிட, கையிலுள்ள கன்ட்ரோலரின் விசையை விட்டதும் கார் எப்படி நிற்கிறது என்பதுதான் வளைவில் முக்கியம். 3க்கு 1 விகிதத்தில் மோட்டாரே நல்ல பிரேக்காகவும் வேலை செய்யும்.

இனி சேசிஸ். அசல் லோட்டஸ் 49இன் வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம், 2,413 மி.மீ.; 32ஆல் வகுத்தால் 75.4. ஆனால் வார்ப்பில் பாடி சற்றுச் சுருங்கியிருக்கலாம். ஆகவே கணக்கை நம்பாமல், உங்கள் பாடியில் சக்கரம் எங்கே வர வேண்டும் என்பதை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். சமமான பலகையில் ஒரு நடுக்கோடு, அதற்குச் செங்குத்தாக இரண்டு ஆக்சில் கோடுகள். கோணத்தை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இந்தப் பலகைமேலேயே ஆணி அடித்துப் பாகங்களைப் பிடித்துப் பற்றவைக்கப் போகிறீர்கள். இங்கே கோணல் வந்தால் கார் ஆயுளுக்கும் கோணல்தான்.

மோட்டாரையும் பின் ஆக்சிலையும் பிடிக்கும் தாங்கி 0.8 அல்லது 1 மி.மீ. பித்தளைத் தகடு. அதிலிருந்து முன்னால் போகும் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றரை மி.மீ. பியானோ கம்பி (விறைப்பான எஃகுக் கம்பி). முன் ஆக்சிலுக்குப் பித்தளைக் குழாய், அதற்கும் முன்னால் கைடை (காடியில் இறங்கிக் காரை வழிநடத்தி மின்சாரம் எடுக்கும் துண்டை) பிடிக்கும் நாக்கு. இவ்வளவுதான் சேசிஸ். தகட்டை அழகாக வெட்டி ஓட்டை போட்டு அலங்கரிக்க ஆசை வரும். முதல் காரில் வேண்டாம்.

மெனக்கெட வேண்டிய இடம் பின் ஆக்சிலின் புஷ்கள், அதாவது ஆக்சில் உள்ளே சுழலும் சின்ன வளையங்கள். 3/32 அங்குல ஆக்சில், அதாவது 2.38 மி.மீ. கம்பி. இரண்டு புஷ்களையும் தாங்கியில் செருகி, நேரான புது ஆக்சிலை ஒரு சொட்டு எண்ணெய் தடவி இரண்டிலும் நுழைத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் பற்றவைக்கும் ஈயம் ஆக்சிலில் ஒட்டாது. புஷ் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துத் துளி ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பொருள்) வையுங்கள். பித்தளை சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும் என்பதால் 60 வாட் அயர்ன், பட்டையான முனை வேண்டும். முனையைத் தகட்டில் வைத்து, தகடு சூடானதும் ஈயக்கம்பியைத் தகட்டில் தொடுங்கள், அயர்னில் அல்ல. ஈயம் தண்ணீர்போல ஓடி புஷ்ஷைச் சுற்றி ஒரு வளையமாக நின்றால் சரி. உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை. ஆறும்வரை தொடாதீர்கள். ஆறியதும் தாங்கியைச் செங்குத்தாகப் பிடித்தால் ஆக்சில் தன் பாரத்திலேயே வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, மறுபடி சூடாக்கி நேராக்குங்கள். 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகாது.

மோட்டாரை ஈயம் வைத்துத் தாங்கியோடு ஒட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அசல் லோட்டஸ் 49இலும் காஸ்வொர்த் இன்ஜினே காரின் முதுகெலும்பு. பின் சஸ்பென்ஷன் அதில்தான் மாட்டியிருந்தது. 1967இல் சான்ட்வோர்ட் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கி, ஜிம் கிளார்க் கையில் அன்றே ஜெயித்த கார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் மோட்டாரை ஸ்க்ரூ போட்டே பிடியுங்கள். அதிகச் சூடு உள்ளே இருக்கும் காந்தத்தின் வலுவைக் குறைக்கும். அமில ஃபிளக்ஸ் பயன்படுத்தினால், பற்றவைப்பு முடிந்ததும் சேசிஸை சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் மோட்டாரை மாட்ட வேண்டும். மோட்டாருக்குப் போகும் ஒயர்களுக்கு ரோசின் ஃபிளக்ஸ் மட்டுமே. புகையை முகத்தில் வாங்காமல் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

கியர் பிடிப்புக்கு ஒரு எளிய வழி: நோட்டுத்தாளில் மெல்லிய கீற்று வெட்டிப் பினியனுக்கும் கிரவுன் கியருக்கும் நடுவே விட்டு, கிரவுனை அழுத்திப் பிடித்து முடுக்குங்கள். தாளை உருவிவிட்டால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். ஓடும்போது பினியன் கிரவுனைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆக்சில் நகராதபடி வாஷர் போடாவிட்டால் இந்தப் பிடிப்பு நிற்காது. கார் பின்னோக்கி ஓடினால் பதற வேண்டாம், இரண்டு ஒயர்களை மாற்றினால் போதும்.

டயர். கார் வழுக்குகிறதே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1967 காலத்துக் கார்களில் வழுக்குவது நல்லது, புரள்வதுதான் கெட்டது. டயரின் பிடி, காரின் உயரமும் அகலமும் தாங்கும் அளவை மீறினால் கார் வழுக்காமல் புரளும். அதனால் கிடைப்பதிலேயே அதிகம் ஒட்டும் டயரைத் தேடிப் போகாதீர்கள். சுத்தமான, வழவழப்பான பெயின்ட் தடத்தில் சிலிகான் பசைபோலப் பிடிக்கும். தூசி பட்டால் சட்டென்று விட்டுவிடும். யூரித்தேன் அந்த அளவு முரண்டு பிடிக்காது, உங்கள் காருக்கு அதையே சொல்வேன். சிலிகான் ஓடும் தடத்தில் ரப்பர் டயரை விட்டால் ரப்பருக்குப் பிடிப்பே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எதைப் போட்டாலும் வீலில் ஒட்டி, வட்டமாகத் தேய்க்க வேண்டும்: சமமான பலகையில் உப்புத்தாள் ஒட்டி, காரை அதன்மேல் பிடித்துக் குறைந்த வோல்ட்டில் சக்கரத்தைச் சுற்றவிட்டுத் தேய்த்துவிடுங்கள். சிலிகான் மட்டும் இதற்கு மசியாது.

முன் டயர்களுக்குப் பிடிப்பே வேண்டாம். மேல்பரப்பில் நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள், வளைவில் காரை இழுக்காமல் சறுக்கும். இரண்டு முன் சக்கரங்களும் தனித்தனியாகச் சுற்றினால் இன்னும் நல்லது.

முன் சக்கரங்கள் தடத்தைத் தொட வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. கைடு நன்றாகக் காடியில் இறங்கட்டும் என்று அவற்றைக் காற்றில் விடுபவர்கள் உண்டு. அகலமான நவீன கார்களில் அது சரிவரலாம். உங்கள் காரில் வேண்டாம். முன் சக்கரங்கள் தொடாவிட்டால் கார் கைடு, இரண்டு பின் சக்கரங்கள் என மூன்று புள்ளிகளில் நிற்கிறது. வளைவில் கார் புரளும் அச்சு என்பது கைடிலிருந்து வெளிப்புறப் பின் சக்கரத்துக்குப் போகும் சாய்வுக் கோடு. பாரம் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு அந்தக் கோட்டுக்கு நெருக்கம். முன் சக்கரம் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கோடு வெளியே நகர்ந்துவிடும். ஆகவே கைடின் அடிப்பாகம் தடத்தில் முழுதாகப் படிய வேண்டும், முன் சக்கரங்கள் உரசினாற்போல் தொட வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் பின் சக்கரங்களையும் முன் சக்கரங்களையும் நிறுத்தி, கைடு ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி வைத்தால் சக்கரங்கள் நான்கும் படிகின்றனவா என்று தெரிந்துவிடும். கைடின் உயரத்தை அப்புறம் மெல்லிய வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். கைடுக்குப் போகும் ஒயர்கள் நூல்போல் மெத்தென்று இருக்க வேண்டும்; விறைப்பான ஒயர் கைடைத் திருப்பி இழுக்கும்.

இப்போது பாடியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். வேகமெடுக்கும்போது மூக்கு தூக்கினால் கைடுக்குப் பின்னால், தண்டவாளங்களுக்கு நடுவே ஈயத்தகடு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு கிராமாக ஏற்றினால் போதும். ஈயம் தொட்ட கையை உடனே கழுவுங்கள். பின் ஆக்சிலுக்குப் பின்னால் மட்டும் பாரம் சேர்க்காதீர்கள், வால் ஊசலாடி காரைச் சுழற்றிவிடும்.

பாடியிடம் வருவோம். பெயின்ட் போனதே என்று கலங்க வேண்டாம், வேலை எல்லாம் உள்பக்கம்தான். வெளிப்பக்கம் டேப் சுற்றி, உள்சுவரைச் சின்ன கிரைண்டரால் 1 மி.மீ. வரை மெலிதாக்குங்கள். விளக்கைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் எங்கே அதிகம் கசிகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். டிரைவர் பொம்மையைக் குடையுங்கள். தலையும் தோளும் மட்டும் போதும், கால் யாருக்கும் தெரியாது. காரின் மிக உயரமான இடத்தில் கெட்டி ரெசின் தலை எதற்கு? பாடியைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களை முழுக்க முடுக்கி, அப்புறம் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பாடி லேசாகக் கடகடவென்று ஆட வேண்டும். சேசிஸின் அதிர்வு பாடிக்கு ஏறாமல் இருக்கும், வளைவில் கார் சாந்தமாகிவிடும்.

கடைசியாக, ஒடியும் கம்பிகள். சஸ்பென்ஷன் கம்பியின் ஒரு முனை பாடியிலும் மறுமுனை சக்கரப் பக்கத்திலும் கெட்டியாக ஒட்டியிருந்தால், பாடி ஆடும்போதெல்லாம் அது ஒடியத்தான் செய்யும். பிளாஸ்டிக் கம்பிக்குப் பதில் மெல்லிய எஃகு கிடார் கம்பி பயன்படுத்துங்கள். பாடியில் மட்டும் ஒட்டி, மறுமுனையைச் சக்கரத்துக்கு ஒரு மி.மீ. முன்பே வெட்டிவிடுங்கள். சக்கரத்தின் நிழலில் அந்த இடைவெளி கண்ணுக்குப் படாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய்களுக்கு ஒயரின் பிளாஸ்டிக் உறையை உருவி வெள்ளி நிறம் பூசுங்கள், மோதினால் வளைந்து மீளும். பக்கக் கண்ணாடிகளைக் கறுப்பு ரப்பர் துண்டில் செய்து ஒட்டுங்கள். விழுந்தாலும் இன்னொன்று வெட்டிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது.